யானை வருகிறது என்று போன் சொன்னால்

சேரம்பாடியில் ஒரு கருவியை நம்பலாமா வேண்டாமா என்று ஜனங்கள் முடிவெடுக்கும் நேரம் விடிகாலை. பாடி என்கிற எஸ்டேட் குடியிருப்பிலிருந்து இறங்கிக் கொழுந்துக் காட்டுக்குப் போயாக வேண்டும். பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். மூடுபனி விலகியிருக்காது, இருபதடிக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழும்: “ரோட்டோரம் ரெண்டு யானை நிக்குது, கொஞ்ச நேரம் யாரும் அந்த வழியா வராதீங்க.” நின்றால் வேலைக்கு நேரமாகிவிடும், அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம்பிக்கை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. செய்தியைக் கேட்டு, அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று வாசலிலேயே நின்றுவிட்டால், அந்த ஆள் அந்தக் கருவியை நம்புகிறார் என்று பொருள். “நல்ல டெக்னாலஜி” என்று வாயால் பாராட்டிவிட்டு அதே பாதையில் இறங்கிப் போனால் நம்பவில்லை என்று பொருள். ஒருவர் முதல் வகையாக மாறுவது எப்படி, ஏன் பலர் மாறுவதில்லை என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சேரம்பாடி நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில், வயநாட்டை ஒட்டி இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக இந்தப் பகுதியில் அரசே தேயிலை பயிரிட்டது. 1976இல் அது டேன்டீ என்ற நிறுவனமானது. தனியார் எஸ்டேட்டுகளும் சிறு விவசாயிகளின் தோட்டங்களும் உண்டு. யானைக்கு முதுமலை, வயநாடு, நிலம்பூர் எல்லாம் ஒரே காடு. அது போய்வரும் வழியில்தான் தேயிலையும் பாடியும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் நிற்கின்றன. பலா பழுக்கும் மாதங்களில் வாசலுக்கே வந்துவிடும்.

2020 டிசம்பரில் இந்த வட்டாரத்தில் சில நாட்களுக்குள் மூன்று பேர் யானை தாக்கி இறந்தார்கள். சங்கர் என்று ஊரார் பெயர் வைத்திருந்த அந்த ஆண் யானையைக் கும்கிகளையும் ட்ரோன்களையும் வைத்துத் தேடினார்கள். அது எல்லை தாண்டிக் கேரளக் காட்டுக்குள் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு, 2021 பிப்ரவரியில்தான் அதைப் பிடித்து முதுமலை முகாமுக்குக் கொண்டுபோக முடிந்தது. வானத்திலிருந்து தேடும் கருவி வந்துவிட்டது என்பதை அந்த நாட்களில் ஊர் நேரிலேயே பார்த்தது. ஆனால் பாடியில் இருப்பவருக்கு வேண்டியது வேறு. மேலே பறப்பது பார்த்த விஷயம் கீழே நடப்பவர் காதுக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேரும்? தொழில்நுட்பத்தைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், சரியான கேள்வியும் இதுதான்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துப் பல ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்த ஊர் வால்பாறை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவரது குழுவும் அங்கே யானைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். யானையால் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவமாக விசாரித்தார்கள். பெரும்பாலோர் யானை பக்கத்தில் இருப்பது தெரியாமலே எதிரே போய் மாட்டியவர்கள். யானை நிற்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களில் பலர் வேறு வழியில் போயிருப்பார்கள். அப்படியானால் மின்வேலியையும் அகழியையும்விட அவசரமாகத் தேவைப்பட்டது செய்தி.

செய்தியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. 2006இல் உள்ளூர் கேபிள் டிவியில் தொடங்கினார்கள். மாலையில் சீரியல் ஓடும்போது திரையின் அடியில் ஒரு வரி ஓடும்: இன்று யானைகள் இன்ன எஸ்டேட்டில், இன்ன இடத்தில். பிறகு 2011 வாக்கில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி. படிக்கச் சிரமப்படுபவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. அதோடு மேடான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு. அந்த விளக்குப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். யானை பக்கத்தில் இருந்தால், பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து அந்தச் சிம்முக்குப் போன் போட்டால் போதும், விளக்கு மின்னத் தொடங்கும். வேலை முடிந்து இருட்டில் வருபவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு நின்றுகொள்வார். ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேர் இறந்துகொண்டிருந்த அந்த மலையில் அது சுமார் ஒன்றாகக் குறைந்தது. 2015இல் இந்த வேலைக்காக ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

ஜனங்கள் ஏன் அந்த விளக்கை நம்பினார்கள்? தொழில்நுட்பம் என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிம், ஒரு விளக்கு. என் பார்வையில் நம்பிக்கையைக் கொண்டுவந்தவை வேறு விஷயங்கள். செய்தியில் இருந்த இடப்பெயர் ஜனங்கள் வாயில் புழங்கும் பெயர். வரைபடத்தின் எண் அல்ல. செய்திக்குப் பின்னால் இன்னார் என்று தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பகலில் அதே ஊரில் டீக்கடையில் நிற்பவர்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்பவர்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் லத்தி கிடக்கும், வாழை சாய்ந்திருக்கும். அதாவது செய்தி உண்மையா என்று அவரவர் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. இப்படிப் பத்து முறை சரியாக இருந்தால் பதினோராவது முறை சரிபார்க்காமலே நிற்பார்கள். நம்பிக்கை ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. சரியாக வந்த ஒவ்வொரு செய்தியும் அதில் கொஞ்சம் சேர்த்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, சுவிட்சு ஊரார் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் வனத்துறையும் ஆய்வுக் குழுவும்தான் விளக்கை எரியவிட்டார்கள். போகப் போக அந்தந்த இடத்து ஜனங்களே போன் போட்டு எரியவைக்கத் தொடங்கினார்கள். யானையை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தானே. தான் எரியவைத்த விளக்கைப் பார்த்துப் பக்கத்து லைன் ஆட்கள் நின்றார்கள் என்று கண்டவர், நாளை பக்கத்து லைன்காரர் எரியவைத்த விளக்கைப் பார்த்துத் தானும் நிற்பார்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கேமராவுக்கு வருவோம். கோயம்புத்தூர் மதுக்கரை–வாளையார் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டு இறப்பது நெடுநாள் துயரம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் கேமராக்களை நிறுவியது. இருட்டிலும் உடல் வெப்பத்தை வைத்து உருவத்தைக் கண்டுபிடிக்கும் கேமராக்களும் அவற்றில் உண்டு. யானை தென்பட்டால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில்வேக்குப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். கூடலூர் வனக்கோட்டத்திலும் யானை நடமாட்டத்தைக் கண்காணிக்க இதே போன்ற கேமராக்கள் வந்திருக்கின்றன. சேரம்பாடி வனச்சரகம் அந்தக் கோட்டத்தில்தான் வருகிறது.

இத்தகைய கேமரா “95 சதவீதம் துல்லியமானது” என்று யாராவது சொன்னால் நாம் அதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, ஓர் இரவில் ஒரு கேமராவின் முன்னால் 200 அசைவுகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காட்டெருமை, மான், நாய், ஜீப், காற்றில் ஆடும் கிளை எல்லாம் சேர்த்து. அவற்றில் யானை இரண்டே இரண்டு. கேமரா 100 முறை பார்த்தால் 95 முறை சரியாகச் சொல்லும். இரண்டு யானைகளையும் அநேகமாகப் பிடித்துவிடும். மீதி 198 அசைவுகளில் 5 சதவீதத்தைத் தவறாக யானை என்று சொல்லும். அது ஏறக்குறைய பத்து. ஆக அன்றிரவு 12 முறை அலாரம் அடிக்கும், அவற்றில் இரண்டுதான் நிஜ யானை. 95 சதவீதம் என்று விளம்பரத்தில் பார்த்த அதே கருவி, பாடியில் இருப்பவரைப் பொறுத்தவரை ஆறில் ஐந்து முறை பொய் சொல்கிறது.

ஒரு வாரம் இப்படி நடந்தால் “புலி வருது” கதைதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அதை அறியாமை என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்கள் போட்ட கணக்கு சரியான கணக்கு. அதனால்தான் கேமராவுக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, யானைதான் என்று உறுதிசெய்த பிறகு தகவலை அனுப்பும் ஏற்பாடு அவ்வளவு முக்கியம். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதை வீண் செலவு என்று நினைத்து எடுத்துவிட்டால், கேமராக்கள் மொத்தத்தையும் எடுத்துவிட்டதற்குச் சமம்.

இதுவரை சொன்னது நம்பிக்கை குறைவதன் ஆபத்து. மிதமிஞ்சி நம்புவது இன்னும் மோசம். ராஜா பரசுராமன், விக்டர் ரைலி என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. தானியங்கிக் கருவிகளை மனிதர்கள் தேவையில்லாமல் ஒதுக்கிவைப்பது ஒரு தவறு என்றால், அளவுக்கு மீறி அவற்றின் மேல் சாய்ந்துவிடுவது இன்னொரு தவறு என்று அவர்கள் விளக்கினார்கள். விமானத்திலும் தொழிற்சாலையிலும் இயந்திரம் எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

மலையில் கருவியின் மௌனத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு வயநாடு பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 நவம்பரில் கர்நாடகத்தின் பேலூர் பகுதியில் தந்தமில்லாத ஆணான ஒரு மக்னா யானையைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பந்திப்பூர் காட்டில் விட்டார்கள். அது எல்லை தாண்டி வயநாட்டுக்குள் வந்தது. 2024 பிப்ரவரி 10ஆம் தேதி காலை மானந்தவாடி அருகே ஒருவரைத் துரத்திப்போய் வீட்டு வளாகத்திலேயே கொன்றது. யானையின் கழுத்தில் கருவி இருந்தது, சிக்னலும் இருந்தது. ஆனால் அந்த சிக்னல் விவரம் வேண்டிய வேகத்தில் கேரளத்துக்குக் கிடைக்கவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது, மானந்தவாடியில் ஜனங்கள் திரண்டு போராடினார்கள். காலர் என்பது சில மணி நேரத்துக்கு ஒருமுறை யானை இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி. அதைப் பெறுபவர் ஒரு மாநிலத்தில், யானை இன்னொரு மாநிலத்தில், கேட்டிலிருந்து இறங்கி நடப்பவர் மூன்றாவது ஆள். இந்த மூவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எந்தக் கருவியும் தானாக நிரப்பாது.

ஆகவே சேரம்பாடியில் இருப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. “யானை இருக்கிறது” என்று செய்தி வந்தால் நில்லுங்கள். செய்தி வரவில்லை என்றால் அதற்கு “யானை இல்லை” என்று அர்த்தம் எடுக்காதீர்கள். டவர் வேலை செய்யாமல் இருக்கலாம், மழையில் கேமரா மங்கியிருக்கலாம், காலர் இல்லாத யானையாக இருக்கலாம். காட்டில் பெரும்பாலான யானைகளுக்குக் காலர் கிடையாது.

யானையை விட்டு ரேஷன் கடைக்கு வந்தால் வேறொரு விஷயம் தெரியும். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்குகிறோம். கொழுந்து பறிப்பவர் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து, இலைச்சாறு காய்ந்து கறுத்து, வெடிப்பு விட்டிருக்கும். ரேகை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கும். மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைப்பார். மறுபடி சிவப்பு. வேறு விரல், வேறு கை. பின்னால் வரிசை நகராது. ஓடிபி வழி, பிறகு வந்த கருவிழி ஸ்கேன் என்று மாற்று உண்டு என்றாலும், ஒவ்வொரு மாதமும் தன் கையே தன்னை மறுக்கும் நிமிடத்தை அவர் கடந்துதான் போகிறார்.

அந்த மெஷினை அவர் மாதாமாதம் பயன்படுத்துகிறார். அதனால் நம்புகிறார் என்று சொல்ல முடியுமா? முடியாது. அரிசி வேண்டும், வேறு வழி இல்லை. “இத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள், ஆகவே மக்கள் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்” என்று எங்கே யார் சொன்னாலும், மறுக்கிற வசதி அவர்களுக்கு இருந்ததா என்று கேளுங்கள். மறுக்க முடிந்தும் மறுக்காமல் இருந்தால்தான் அதற்கு நம்பிக்கை என்று பெயர்.

தராசு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கொழுந்து நிறுக்கும் தராசு எலக்ட்ரானிக் ஆனபோது, எண் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது; முள் ஆடும் தராசைவிட நல்லது என்று பட்டது. ஆனால் எண் தெரிவதும் எடை சரியாக இருப்பதும் வேறு வேறு. சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது எண்ணில் தெரியாது. சட்டப்படி எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். தராசின் மேல் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், எடை தெரிந்த ஒரு பொருளை வைத்து நிறுத்துக் காட்டச் சொல்வதும் தொழிலாளியின் உரிமை. பறிப்பவர் தலையில் சுமக்கும்போதே இன்றைக்கு எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார்; அந்தக் கைக்கணக்கோடு தராசு ஒத்துப்போகும் இடத்தில் சண்டை வருவதில்லை.

கருவி சரியாகச் சொன்னாலும் அது வீடுவரை வந்து சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. மலைக்கு அந்தப் பக்கம், வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலை. 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கல்பற்றாவில் உள்ள ஹ்யூம் சென்டர் என்ற சூழலியல் மையம் வயநாடு முழுவதும் 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்து, அந்தந்த ஊர் விவசாயிகளையும் எஸ்டேட்காரர்களையும் கொண்டே மழை அளவைச் சேகரித்து வந்தது. சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே பெய்தது 572 மில்லிமீட்டர். முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்திடம் எச்சரித்ததாக அந்த மையம் சொன்னது. 2020இல் இதே முண்டக்கையில் மழைக் கணக்கைப் பார்த்து ஜனங்களை முன்கூட்டி இறக்கியதால் சரிவு வந்தும் உயிர்கள் தப்பின. கருவி அதேதான்: ஒரு குடுவை, ஓர் அளவுகோல், எழுதிவைக்க ஒரு நோட்டு. ஒரு முறை அது சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். அடுத்த முறை அந்த எண் வீடுவரை போய்ச் சேர்ந்து ஆட்களை எழுப்பவில்லை.

மழைமானி விஷயத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. பந்தலூர் தாலுகாவின் ஒவ்வொரு பாடியிலும் ஒன்று இருக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து கரும்பலகையில் எழுத வேண்டும். எஸ்டேட் ஆபீஸ்களில் மழை அளவு குறிக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த நோட்டு ஆபீஸுக்குள்ளேயே கிடக்கிறது. தினமும் தன் கையால் அளந்த பிள்ளை, ஒருநாள் “இன்னைக்கு நூத்தைம்பது தாண்டிருச்சு” என்று வீட்டில் சொன்னால் தாய் தகப்பன் எழுந்து உட்காருவார்கள். எங்கிருந்தோ வரும் சிவப்பு எச்சரிக்கைக்கு அந்த வலு இருக்காது. 2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறிய சோதனைச் செய்தி நினைவிருக்கலாம். என்ன ஏது என்று புரியாமல் பலர் பயந்தார்கள். அலறுவது மட்டும் தெரிந்த கருவி அந்த அளவுக்குத்தான் உதவும்.

கூடலூர்க் கேமராக்களைப் பற்றிச் சேரம்பாடிக்காரர்கள் கிராம சபையில் எழுந்து கேட்கத் தக்க கேள்விகள் இருக்கின்றன. கேமரா எத்தனை முறை தவறாக அடித்தது, எத்தனை யானைகளைத் தவறவிட்டது என்று மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவீர்களா? கேமரா பழுதானால் “இன்று இந்த இடத்தில் கேமரா ஓடவில்லை” என்று அதே வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வருமா? யானையைப் பார்த்த பெண் தொழிலாளி யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் சொன்னது எத்தனை நிமிடத்தில் மற்றவர்களுக்குப் போகும்? செய்தி சேரங்கோடு, கொளப்பள்ளி என்று ஊர்ப் பெயரில் வருமா, கேமரா எண்ணில் வருமா? படமெல்லாம் எங்கே சேமிக்கப்படுகிறது, பாதையில் நடக்கும் பெண்களின் படம் யார் கையில் இருக்கிறது? கடைசிக் கேள்வியைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். காட்டில் வைத்த கேமரா யானையை மட்டுமா பார்க்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கேமரா படத்தைப் பார்த்தவுடன் டார்ச் எடுத்துக்கொண்டு அட்டைக் கடியில் இறங்கிப் போகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் என்று இந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். கால்தடத்தையும் ஒடிந்த கிளையையும் பார்த்து, எந்த யானை, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள். குழுவில் வரும் குரல் பதிவும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுடையதுதான். ஊர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நிற்கிறது. இவர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கேமராவுக்கு நிதி ஒதுக்கும்போது அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.